எதிர்காலத்தை யார் பெருக்குவார்கள்? கற்பனை உலகங்கள் பற்றிக் கேள்வி பதில்

வீடியோ விளையாட்டுகளுக்கும் சில படங்களுக்கும் கான்செப்ட் ஆர்ட், அதாவது அந்த உலகம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டும் ஓவியம், வரைவது என் தொழில். பதினான்கு வருடமாக, இன்னும் வராத காலத்தின் தெருக்களையும் கதவுகளையும் வரைந்துகொண்டிருக்கிறேன். எதிர்கால உலகங்களை எப்படிக் கற்பனை செய்கிறார்கள் என்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சில பதில்கள் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எதிர்கால நகரம் என்றாலே இரவு, மழை, நியான் விளக்கு. அங்கே பகலே வராதா அக்கா?

வரும். ஆனால் பகல் வந்தால் செட் என்பது தெரிந்துவிடும்.

இந்த மழையைப் பரப்பியதில் பெரிய பங்கு 1982-இல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்துக்கு. அதன் தெருக்கள், ஸ்டுடியோ வளாகத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த பழைய நியூயார்க் தெரு செட். அதை 2019-ஆம் வருட லாஸ் ஏஞ்சலஸாக மாற்ற வேண்டும். இரவு, மழை, புகை மூன்றும் சேர்ந்தால் ஒட்டுப்போட்ட இடம் கண்ணில் படாது. மினியேச்சர் கட்டடங்களைக்கூடப் புகை நிரப்பிய அறையில் வைத்துத்தான் படமெடுத்தார்கள். சில அடி தூரம் பல மைல் போலத் தெரிவது அந்தப் புகையால்தான்.

அப்புறம் சிட் மீட். ஃபோர்டு கார் நிறுவனத்தில் வேலை பார்த்த ஓவியர். வண்டிகளை வரைந்து தரத்தான் கூப்பிட்டார்கள். அவர் வண்டியை வெள்ளைத்தாளில் தனியாக விடாமல், அது நிற்கும் தெருவையும் சேர்த்து வரைந்து கொண்டுவந்தார். இயக்குநர் ரிட்லி ஸ்காட் அந்தத் தெருவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பழைய கட்டடத்தை இடிக்க யாரிடமும் காசில்லை, அதனால் அதன் மேலேயே குழாய், ஒயர், காற்றுப்போக்கி என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள் என்பதுதான் அந்தத் தெருவின் கதை. பின்னால் வந்த பலரும் மழையை மட்டும் எடுத்துக்கொண்டு கதையை விட்டுவிட்டார்கள். ஒரு விளையாட்டின் ஆரம்பக் கூட்டத்தில் யாராவது "நியான், மழை" என்று தொடங்கினால், அந்த ஊரில் வடிகால் எங்கே போகிறது என்று கேட்பேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேரோடு வேலை செய்வது எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: டிசைன் மாணவன் நான். ஒரு உலகத்தை உருவாக்கும்போது எங்கிருந்து தொடங்குவது?

ஒரு கதவிலிருந்து தொடங்குங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

என் முதல் பெரிய வேலை, ஒரு விண்கலத்தின் நடைபாதை. மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தேன். வெள்ளைச் சுவர், தரையோரம் ஓடும் விளக்கு, கண்ணாடி மாதிரி பளபளக்கும் தரை. ஆர்ட் டைரக்டர் பார்த்தார், கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "இதை யார் பெருக்குவார்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. அன்று இரவு அதே படத்தை மறுபடி திறந்தேன்.

பெருக்குகிறவர் வந்தால் அவருக்கு ஒரு தள்ளுவண்டி வேண்டும். வண்டி வந்தால் அதன் விளிம்பு இடிக்கும் உயரத்தில், சுவர் நெடுகக் கீறல் விழும். கதவுப் பொத்தானைச் சுற்றி, தினமும் விரல் படும் அளவுக்குப் பெயின்ட் தேய்ந்திருக்கும். கைரேகை வாசிக்கும் பலகை ஈரக் கைக்கு வேலை செய்யாது, அதனால் யாரோ ஒருவர் துண்டுச் சீட்டில் "கையைத் துடைத்துவிட்டு வைக்கவும்" என்று எழுதி டேப் போட்டு ஒட்டியிருப்பார். டேப்பின் ஒரு மூலை உரிந்திருக்கும். அந்தச் சீட்டை வரைந்த பிறகுதான் நடைபாதையில் ஆள் நடமாட்டம் வந்தது. விளக்குகளில் பாதியை அழித்துவிட்டேன்.

1968-இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில், எடையற்ற இடத்தில் கழிப்பறையைப் பயன்படுத்துவது எப்படி என்று நீளமாக அச்சடித்த ஒரு அறிவிப்புப் பலகை வரும். ஒரு பெரிய அதிகாரி அதன் முன்னால் நின்று கவனமாகப் படித்துக்கொண்டிருப்பார். அந்தப் படத்துக்கு விண்வெளித் துறையிலிருந்து வந்த ஆலோசகர்களே இருந்தார்கள், எவ்வளவோ பெரிய கலங்கள் இருந்தன. எனக்கு அந்த உலகத்தின் மேல் நம்பிக்கை வந்தது இந்தப் பலகையைப் பார்த்தபோதுதான்.

கேள்வி: அப்படியானால் அழுக்கும் கீறலும் போட்டால் போதுமா? 'ஸ்டார் வார்ஸ்' செய்தது அதுதானே?

போதாது. கண்ட இடத்தில் துரு பூசுவதுதான் இப்போது அதிகம் நடக்கும் தப்பு.

1977-இல் ஜார்ஜ் லூகாஸ் கேட்டது, பயன்படுத்திப் பழசான ஒரு பிரபஞ்சம். அங்கே பழசு எல்லாவற்றுக்கும் ஒரு முற்பிறவி உண்டு. செட் அலங்காரம் பார்த்த ரோஜர் கிறிஸ்டியன், லைட்சேபர் என்ற ஒளிவாளின் கைப்பிடியைச் செய்தது பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடியிலிருந்து. விண்கல மாடல்களின் மேல் இருக்கும் நுணுக்கமெல்லாம் கடையில் விற்கும் பிளாஸ்டிக் டாங்கி, விமானப் பொம்மைப் பெட்டிகளிலிருந்து பிரித்து ஒட்டிய துண்டுகள். தொழிலில் அதற்குக் கிட்பேஷ் என்று பெயர். அந்தத் துண்டுகள் ஏற்கெனவே ஏதோ ஒரு இயந்திரத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. அதனால்தான் கண் அவற்றை நம்புகிறது. இன்று கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆயிரம் துண்டு பரவிவிடும். ஆனால் கப்பல் முழுக்க ஒரே அடர்த்தியாக இருந்தால் கண்ணுக்கு உட்கார இடமே கிடைக்காது. பெரிய வெற்றுப் பரப்பை விட்டுவிட்டு, மூட்டு இருக்கும் இடத்தில், திறந்து பழுது பார்க்கும் இடத்தில் மட்டும் நெருக்கமாகப் போடுங்கள்.

கேள்வி: 'மைனாரிட்டி ரிப்போர்ட்' படத்தில் கையை வீசித் திரையை நகர்த்துவாரே, அது ஏன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை?

கை வலிக்கும், அதனால்தான்.

2002-இல் வந்த படம், கதை நடப்பது 2054-இல். இயக்குநர் ஸ்பீல்பெர்க் 1999-இலேயே சான்டா மோனிகாவில் பல துறை ஆட்களைக் கூட்டி, அந்த வருடம் எப்படி இருக்கும் என்று பேசவைத்தார். அந்தக் கைஜாடைகளை வகுத்த ஜான் அண்டர்காஃப்ளர் நிஜமான ஆராய்ச்சியாளர். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பொருள் வைத்துத்தான் செய்தார், கண்கட்டு வித்தை இல்லை. ஆனால் கையைத் தோள் உயரத்தில் தூக்கிவைத்து அரைமணி நேரம் வேலை செய்து பாருங்கள், புரியும்.

சினிமாவுக்கு வேண்டியது வேறு. நடிகர் மேசையில் குனிந்து தட்டச்சு செய்தால் பார்க்க என்ன இருக்கிறது? நின்று கையை வீசினால் இசை நடத்துகிறவர் மாதிரி இருக்கும். திரை கண்ணாடி மாதிரி இருந்தால் கேமராவைப் பின்னால் வைத்து முகத்தையும் தகவலையும் ஒரே ஷாட்டில் பிடிக்கலாம். அதே கண்ணாடித் திரையை அலுவலகத்தில் வைத்தால், எதிர் மேசைக்காரரின் முகம் உங்கள் கணக்குக்குள் தெரியும். உங்கள் கணக்கு அவருக்குத் தெரியும்.

கேள்வி: அந்தத் திரைகள் எல்லாம் ஏன் நீலம்?

மனிதத் தோல் எந்த நிறமானாலும் ஆரஞ்சுப் பக்கம் சாயும். அதற்கு நேர் எதிர் நிறம் நீலம், முகம் எடுப்பாகத் தெரியும். அவ்வளவுதான்.

சலித்துப்போனவர்கள் 'ஹெர்' பாருங்கள். ஸ்பைக் ஜோன்ஸ் 2013-இல் எடுத்தது. நீலத்தை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டுச் சிவப்பும் இளமஞ்சளுமாக வைத்தார்கள். ஷாங்காயில் எடுத்த காட்சிகளை லாஸ் ஏஞ்சலஸோடு கலந்து ஒரே ஊராக்கினார்கள். பேன்ட் இடுப்புக்கு மேலே ஏறியிருக்கும். போன் சட்டைப்பையில் வைக்கும் பழைய சிகரெட் பெட்டி மாதிரி மடியும். வருங்காலத்தைக் காட்ட ஒரு தையல்காரர் போதும் என்று எனக்குக் காட்டிய படம்.

கேள்வி: படத்துக்கு வரைவதற்கும் விளையாட்டுக்கு வரைவதற்கும் என்ன வித்தியாசம்?

படத்தில் கேமரா எங்கே பார்க்கும் என்பது எனக்குத் தெரியும். விளையாட்டில் ஆடுகிறவர் முதல் வேலையாகக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்ப்பார். அங்கேயும் ஏதாவது இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய வித்தியாசம், அந்த உலகமே வழிகாட்டிப் பலகையாகவும் வேலை செய்ய வேண்டும். 2008-இல் வந்த 'மிரர்ஸ் எட்ஜ்' நகரம் கண் கூசும் வெள்ளை. ஏறக்கூடிய குழாய், தாவக்கூடிய விளிம்பு மட்டும் சிவப்பாகும். ஓடிக்கொண்டே படிக்கலாம். அதே வருடம் 'டெட் ஸ்பேஸ்', உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பட்டையைத் திரை மூலையிலிருந்து எடுத்துக் கதாநாயகனின் முதுகெலும்பில் ஒளிரும் குழாயாக வைத்தது. அளவு காட்டும் கருவியே உடையின் பாகமாகிவிட்டது. திரை காலியானதால் இருட்டு இன்னும் பக்கத்தில் வந்தது.

எனக்கு மிகப் பிடித்தது 2004-இன் 'ஹாஃப் லைஃப் 2'. கலை இயக்குநர் விக்டர் அன்டோனோவ் பிறந்தது பல்கேரியாவின் சோஃபியாவில். அவர் கிழக்கு ஐரோப்பியப் பழைய நகரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, காரை உதிர்ந்த வீடுகளையும் டிராம் கம்பிகளையும் அப்படியே விட்டுவிட்டு, நடுவில் ஒரு அந்நியக் கோபுரத்தைச் செருகினார். எந்தச் சந்தில் திரும்பினாலும் அது தெரியும். வழியும் தெரிகிறது, யார் ஆள்கிறார்கள் என்பதும் தெரிகிறது. ஒரு வரி வசனம் தேவைப்படவில்லை.

கேள்வி: இவர்கள் சொன்னதில் முக்கால்வாசி பலிக்கவில்லை. பறக்கும் கார் எங்கே? எதற்கு இத்தனை மெனக்கெடல்?

ஜோசியமாக எடுத்துக்கொண்டால் நீங்கள் சொல்வது சரி. 2015-ஐக் காட்டிய ஒரு 1989 படத்தில் வீடு முழுக்க ஃபேக்ஸ் மெஷின்.

ஆனால் எதிர்காலத்தைக் காட்டுகிறவர் சில சமயம் அதை விற்கவும் வந்திருப்பார். 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'ஃபியூச்சராமா' என்ற பிரம்மாண்ட மாதிரி நகரம் இருந்தது. நார்மன் பெல் கெடஸ் வடிவமைத்தது. 1960-இல் அமெரிக்கா எப்படி இருக்கும் என்று காட்டினார்கள். நகரும் நாற்காலியில் உட்கார்ந்தால், விமானத்திலிருந்து பார்ப்பதுபோல மேலே மிதந்துபோகலாம். கீழே அகல அகலமான நெடுஞ்சாலைகள், நெரிசலே இல்லாமல் ஓடும் குட்டிக் கார்கள். வெளியே வரும்போது 'நான் எதிர்காலத்தைப் பார்த்துவிட்டேன்' என்று எழுதிய பேட்ஜ் ஒன்று கையில் கொடுப்பார்கள். செலவு செய்தது ஜெனரல் மோட்டார்ஸ்.

அந்த நாற்காலியின் உயரத்தைக் கவனியுங்கள். அங்கிருந்து பார்த்தால் சாலையைக் கடக்க நிற்கிறவர் தெரியமாட்டார். இன்றும் ஒரு புதிய நகரத் திட்டத்தின் வீடியோ வந்தால், கேமரா எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். தரைக்கு இறங்கவே இல்லையென்றால் கொஞ்சம் உஷாராகிவிடுவேன்.

கேள்வி: குறும்படம் எடுக்கிறோம். கிராஃபிக்ஸுக்குப் பணம் இல்லை. எதிர்காலத்தை எப்படிக் காட்டுவது?

பணம் இல்லாததால் பிறந்த யோசனைகள் இந்தத் துறையில் நிறைய. 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் ஆட்கள் ஒளியாகக் கரைந்து கிரகத்தில் தோன்றுவார்களே, கலம் தரையிறங்குவதை வாராவாரம் காட்டக் கட்டுப்படியாகாது என்பதால் வந்த வழி அது. 1987-இல் வந்த அடுத்த 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் மைக்கேல் ஒகுடா வரைந்த, கலத்தின் வழவழப்பான கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கும் செலவு ஒரு காரணம். நூற்றுக்கணக்கான பொத்தான்களை வாங்கி மாட்டுவதைவிட, அச்சடித்த தாளின் பின்னால் விளக்கு வைப்பது மலிவு.

1965-இல் பிரெஞ்சு இயக்குநர் கொடார் 'ஆல்ஃபாவில்' படத்தை எடுத்தபோது செட்டே போடவில்லை. அன்றைய பாரிஸில் புதிதாக எழுந்த கண்ணாடிக் கட்டடங்களை இரவில் எடுத்து, இது வேறு ஊர் என்று சொல்லிவிட்டார். நீங்களும் கட்டாதீர்கள், தேடுங்கள். பெயர்ப்பலகை ஒன்றும் தெரியாத ஒரு படிக்கட்டு போதும். பிறகு ஒலி. ஒரு சாதாரணக் கதவைத் திறக்கும்போது, அது மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் சேருங்கள். கதவு மாறிவிடும்.

கேள்வி: எல்லா எதிர்கால நகரத்திலும் ஜப்பானிய, சீன எழுத்துப் பலகைகள். ஆனால் அந்த மக்கள் கதையில் இல்லை. இது உறுத்தவில்லையா?

உறுத்துகிறது. எண்பதுகளில் ஜப்பானியப் பொருளாதாரம் ஓடிய வேகத்தைப் பார்த்து மேற்கே வியப்பும் பயமும் சேர்ந்தே இருந்தன. அது பலகைகளாக வந்து ஒட்டிக்கொண்டது. ஹாங்காங்கில் வீட்டின் மேல் வீடாக நெருங்கி நின்ற கவ்லூன் மதில் நகரம் என்ற குடியிருப்பை 1993, 94-இல் இடித்துவிட்டார்கள். விளையாட்டுகளில் மட்டும் அதை இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறோம், பெரும்பாலும் அங்கே யார் குடியிருந்தார்கள் என்று கேட்காமலே.

கேட்டுச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 2018-இன் 'பிளாக் பேந்தர்'. அதன் செட்களை வடிவமைத்த ஹன்னா பீச்லர், வரையத் தொடங்கும் முன்னால், கதையில் வரும் கற்பனை ஆப்பிரிக்க நாடான வகாண்டாவின் வரலாறு, வட்டாரங்கள், கட்டட முறை எல்லாம் சேர்த்துச் சுமார் 500 பக்கத்துக்கு ஒரு கையேடு தயாரித்தார். யாரும் வந்து பிடிக்காத ஒரு நாடு தன் போக்கில் வளர்ந்தால் வீடு எந்த வடிவத்தில் இருக்கும் என்ற கேள்வியிலிருந்து வந்த வட்டங்கள், கூரைகள் அவை. அந்த வேலைக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

கேள்வி: ஏஐ படம் வரையும் காலத்தில் உங்கள் வேலை என்னவாகும்?

பத்து நொடியில் நாற்பது நகரம் வருகிறது, நானும் போட்டுப் பார்த்தேன். முப்பத்தெட்டில் மழை.

கேள்வி: என் மகளுக்கு பதினொரு வயது. 2100-ஆம் வருட நகரம் வரைகிறாள். கார்கள் பறக்கும் உயரத்தில், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறாள். அது சரிவராது, அழி என்றேன். கேட்க மாட்டேன் என்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.

ஐயோ, அழிக்க வைக்காதீர்கள். இன்று வந்த கேள்விகளிலேயே எனக்குப் பார்க்க ஆசையாக இருப்பது அந்தப் படம்தான். அந்த உயரத்தில் காற்று பலமாக அடிக்கும், துணியைப் பிடிக்கும் கிளிப் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். தனித்தாளில் வரைந்துவிடுவாள்.