ஆயில் மாற்றியது நான்தான். வாரன்டி மொத்தமும் போய்விடுமா?

கேள்வி: ஐயா, என் காருக்கு வயது இரண்டு. கம்பெனி வாரன்டி இன்னும் முடியவில்லை. வீடியோ பார்த்து நானே இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்காமல் அதன்மேலேயே புது ஃபில்டரை முடுக்கிவிட்டேன். வேகமாகப் போகும்போது ஆயில் முழுக்கக் கொட்டிவிட்டது. டாஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு எரிந்தும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். இன்ஜின் சீஸ் ஆகி, இறுகி நின்றுவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் இன்ஜினைக் கழற்றிப் பார்த்துவிட்டு, வாரன்டி முழுவதும் ரத்து என்கிறார்கள். முன்பே புகார் கொடுத்திருந்த ஜன்னல் கண்ணாடி மோட்டாரைக்கூட இப்போது மாற்றித் தர மறுக்கிறார்கள். வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றால், கழற்றிய கூலியும் நிறுத்தி வைத்த வாடகையும் கட்டினால்தான் கார் என்கிறார்கள். அடியில் கல் அடித்ததாக எழுதி இன்ஷூரன்ஸ் கேட்கச் சொல்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?

பதில்: நண்பர் சொன்ன யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் பணத்தோடு போகும். இது கிரிமினல் வழக்கில் கொண்டுபோய் விடும். நடக்காத விபத்தை நடந்ததாக எழுதிப் பணம் கேட்பது மோசடி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318வது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. அப்புறம், சேதத்தைப் பார்க்க இன்ஷூரன்ஸ் தரப்பில் சர்வேயர் என்று ஒருவர் வருவார். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் சம்பில் அடிபட்ட தடம் இருக்காது. ஃபில்டரைக் கழற்றிய இடத்தில் ஒன்றுக்கு இரண்டு வளையம் இருக்கும். அவருக்கு வேறென்ன வேண்டும்? உண்மையைச் சொல்லியே கேட்கலாமே என்றால், தாராளமாகக் கேட்கலாம். ஆனால் வழக்கமான பாலிசியில் இயந்திரக் கோளாறால் வரும் நஷ்டத்துக்கு இடமில்லை. இன்ஜினுக்கென்று கூடுதல் பிரீமியம் கட்டித் தனி ஆட் ஆன் எடுத்திருந்தால் மட்டும் அதன் நிபந்தனைகளை எடுத்துப் படியுங்கள்.

வாரன்டி என்பது பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்குக் கம்பெனி தரும் வாக்குறுதி. உங்கள் இன்ஜினில் அப்படி ஒரு குறையும் இல்லை. இரட்டை வளையம் அழுத்தம் தாங்காமல் பிதுங்கியது, ஆயில் போனது, பேரிங்குகள் உராய்ந்து பிடித்துக்கொண்டன. இதில் சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியதுதான் எனக்கு இன்னும் பெரிய சிக்கலாகத் தெரிகிறது. வளையம் கவனக்குறைவு என்று சொல்லிக்கொள்ளலாம். விளக்குக்குச் சமாதானம் சொல்ல என்னாலும் முடியாது. அதனால் இன்ஜினுக்காக வழக்குப் போடாதீர்கள். செலவில் ஒரு பங்கைக் கம்பெனி ஏற்க முடியுமா என்று பணிவாக ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம். அது வேண்டுகோள்தான், உரிமை அல்ல.

கண்ணாடி மோட்டார் விஷயம் முற்றிலும் வேறு. ஆயில் ஃபில்டருக்கும் கதவுக்குள் இருக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்? சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்கள் மீது ஓர் உத்தரவு போட்டது. அபராதத் தொகைதான் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. உங்களுக்கு வேண்டியது அதில் உள்ள இன்னொரு கட்டளை. வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. அந்த வேலையின் தவறால் எந்த அளவுக்குச் சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டுமே ரத்து செய்யலாம் என்றது ஆணையம். உத்தரவை எதிர்த்து மேல்முறையீடுகள் போயின. அது பேசுவதும் வெளி மெக்கானிக்கைப் பற்றி, காரின் சொந்தக்காரரைப் பற்றி அல்ல. ஆகவே இதையே பிரம்மாஸ்திரமாக நினைக்க வேண்டாம். ஆனால் அதிலுள்ள நியாயம் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். நுகர்வோர் ஆணையத்தில் நான் இதைத்தான் முன்வைப்பேன்.

அதற்கு முன் ஒரு கடிதம் வேண்டும். வாரன்டி புத்தகத்தின் எந்த நிபந்தனைப்படி, எந்தப் பாகத்துக்கு, எந்தக் காரணத்தால் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஆயில் மாற்றியது நீங்கள்தான் என்பதையும் அதே கடிதத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். ஆம், ஒப்புக்கொள்ளுங்கள். எப்படியும் அந்த இரண்டு வளையங்கள் சொல்லத்தான் போகின்றன. நீங்களே சொல்லிவிட்டால், மோட்டாரைப் பற்றிப் பேசும்போது உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். பழைய ஃபில்டர், வளையங்கள், ஆயில் வாங்கிய பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கழற்றிய பாகங்களையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

காரைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை உண்டா? ஓரளவுக்கு உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 170வது பிரிவு: வேலைக்காக ஒப்படைத்த பொருளில் உழைப்பையும் திறமையையும் செலுத்தியவர், அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். எந்த நோக்கத்துக்காக ஒப்படைத்தீர்களோ அந்த வேலையாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். அதனால், காரை விட்டபோது என்ன வேலை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய ஜாப் கார்டை எடுத்துப் பாருங்கள். "இன்ஜினைத் திறந்து பார்க்கச் சம்மதம்" என்கிற மாதிரி ஒரு வரியின் கீழ் உங்கள் கையெழுத்து இருந்தால், கழற்றிய கூலியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கூலி விவாதத்துக்கு உரியது. வாடகைக்கு அவர்கள் பக்கம் இன்னும் பலவீனம். தன் பாக்கிக்காகத் தானே பிடித்து வைத்துக்கொண்டு, அதற்கு வாடகையும் கேட்பது சரியாக வராது. நீங்கள் கையெழுத்திட்ட நிபந்தனைகளில் வாடகை இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

நடைமுறையில் நான் சொல்வது: பணத்தைக் கட்டுங்கள். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு" என்று எழுதி, ஒரு பிரதியில் அவர்கள் கையொப்பம் வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள். கார் அங்கே கிடக்கக் கிடக்க நஷ்டம் உங்களுக்குத்தான். எடுக்கும்போது பிரித்த பாகங்கள் ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டு, படம் எடுத்து வாங்குங்கள். தன் சொந்தப் பொருளைப் போலக் கவனமாக வைத்திருக்க வேண்டியது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 151வது பிரிவின்படி அவர்கள் கடமை. ஒரு போல்ட் குறைந்தாலும் கேளுங்கள்.

மோட்டாருக்கும் கூடுதலாக வாங்கிய பணத்துக்கும் சேர்த்து, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து பாருங்கள். மோட்டார் மாதிரியான சின்ன விஷயத்துக்குக் கம்பெனி பெரும்பாலும் அங்கேயே இறங்கி வரும்.

ஃபில்டர் தயாரித்தவர் மீது போகலாமா என்று யாராவது கிளப்பிவிட்டால் காதில் வாங்காதீர்கள். தவறாகப் பொருத்திய பொருளுக்கு அவர் பொறுப்பில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளியில் பழைய இன்ஜின் வாங்கிப் போடுவதாக இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்குப் பில்லும் ஆவணமும் வாங்குங்கள். இன்ஜின் எண் பொறித்திருப்பது பிளாக்கில், அதாவது இன்ஜினின் முக்கிய உடல் பாகத்தில். பிளாக் மாறினால் எண்ணும் மாறும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பதிவுச் சான்றிதழில் புது எண்ணை ஏற்ற வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால், நாளைக்கு உண்மையாகவே ஒரு விபத்து நடந்து கிளெய்ம் கேட்கும்போது எண் பொருந்தவில்லை என்று நிறுத்திவிடுவார்கள்.