நிலத்தை அடகு வைக்கும் முன் பையன்களின் ஃபைலைப் பாருங்கள்

ஐயா, ஏஜென்ட் பேச்சை நம்பி நிலத்தை அடகு வைத்து இரண்டு மகன்களையும் ஜெர்மனிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெரியவன் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பி.இ. முடித்தவன், சின்னவன் டிப்ளமோ. இரண்டு பேருக்கும் ஓசூர் சிப்காட்டில் இரண்டு வருட வேலை. ஏஜென்ட் இருவரையும் ஒரே பேக்கேஜில் போட்டு, ‘ஜெர்மனி வேலை விசா’ என்று ஒரே விலை சொல்லியிருக்கிறார். சந்தேகம் அங்கேயே வர வேண்டும். பி.இ.க்கும் டிப்ளமோவுக்கும் வழி வேறு, செலவு வேறு, தேவைப்படும் மொழி அளவும் வேறு.

பெரியவனில் தொடங்குவோம். வெளிநாட்டுப் பட்டங்களை ஜெர்மனி எப்படி மதிப்பிடுகிறது என்று காட்டும் அனாபின் (anabin) என்ற இணையத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. பார்க்கக் காசு கிடையாது. பட்டம் கொடுப்பது அண்ணா பல்கலைக்கழகம் என்பதால் பர்கூர் கல்லூரியை அல்ல, பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேட வேண்டும். அதற்கு நேரே ஹெச் பிளஸ் (H+, அதாவது ஏற்கப்பட்ட பல்கலைக்கழகம்) என்றும், அவன் பட்டத்துக்கு நேரே ஜெர்மன் பட்டத்துக்குச் சமம் என்றும் இருந்தால் இரண்டு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் ஸாப் (ZAB) என்ற ஜெர்மன் அலுவலகத்தில் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும்.

அந்தப் பிரிண்டோ சான்றோ கையில் இருந்தால் இங்கிருந்தபடியே ஜெர்மன் கம்பெனிகளுக்கு விண்ணப்பிக்கலாம். வேலை உத்தரவு வந்தால் புளூ கார்டு, அதாவது நல்ல சம்பள வேலை கிடைத்த பட்டதாரிகளுக்கான அனுமதி. 2025-ல் அதற்கு வருடச் சம்பளம் 48,300 யூரோ வேண்டியிருந்தது. ஆள் தட்டுப்பாடுள்ள பொறியாளர் வேலைக்கும், படிப்பு முடித்து மூன்று வருடம் தாண்டாதவர்களுக்கும் 43,759.80 யூரோ போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் இந்தத் தொகை மாறும், ஆகவே விண்ணப்பிக்கும் வருடத்தின் அளவைப் பாருங்கள். சம்பளம் அதற்குக் கீழே இருந்தாலும் பட்டதாரிகளுக்கான சாதாரண வேலை விசா இருக்கிறது. அங்குள்ளவர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைவான சம்பளமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். விசா கட்டணம் 75 யூரோ. ஏஜென்ட் சொல்லும் லட்சங்களுக்கு நடுவே இந்தத் தொகையை ஞாபகத்தில் வையுங்கள்.

ஏஜென்ட் ‘வேலை விசா’ என்று சொல்வது பெரும்பாலும் 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டையை. அது வேலை தேடுவதற்கான அனுமதி. ஒரு வருடம் அங்கே தங்கலாம், வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம், முழு வேலை கிடைத்தால் விசா மாற்றிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் திரும்ப வேண்டியதுதான். வயது, அனுபவம், மொழி என்று புள்ளி போட்டு இந்த அட்டையைத் தருகிறார்கள். பட்டம் முழுதாக ஏற்கப்பட்டால் பெரியவன் புள்ளி சேர்க்க வேண்டியதில்லை.

சின்னவன் சேர்க்க வேண்டும். அரசு அங்கீகாரம் பெற்ற, குறைந்தது இரண்டு வருடப் படிப்பு என்பது அடிப்படைத் தகுதி. மூன்று வருட டிப்ளமோ அதைத் தாண்டிவிடும். கூடவே ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 சான்று (மொழித் திறன் ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏறும்). அதற்கு மேல் 6 புள்ளி சேர்க்க வேண்டும். 35 வயதுக்குள் என்பதால் 2. கடைசி 5 வருடத்தில் 2 வருட அனுபவத்துக்கு 2. ஜெர்மன் ஏ2 என்றால் 1, பி1 என்றால் 2. ஆக, பி1 முடித்தால் கணக்கு நேராகிவிடுகிறது. ஏ2-வோடு நின்றால் இன்னொரு புள்ளிக்கு எங்காவது அலைய வேண்டும். பி1 தேர்வில் வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் 100-க்கு 60. ஷிஃப்ட் வேலையோடு இது சில மாதத்தில் முடிகிற காரியமில்லை. ஆறு வாரத்தில் பி1 என்று போர்டு வைத்திருக்கும் சென்டரில் பணம் கட்டாதீர்கள்.

வாய்ப்பு அட்டைக்கு முடக்கக் கணக்கும் காட்ட வேண்டும், அதாவது அங்கே தங்கும் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கி வைக்கும் வங்கிக் கணக்கு. 2025-ல் மாதம் 1,091 யூரோ வீதம் ஒரு வருடத்துக்கு 13,092 யூரோ. யூரோவுக்கு நூறு ரூபாய் வைத்தால் 13 லட்சத்துக்கு மேல். இது கட்டணமில்லை, பையனின் பணம். அங்கே போனபின் மாதாமாதம் அவன் கைக்கே வரும். ஏஜென்ட் தன் கணக்கில் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மொழிச் சான்று கைக்கு வரும்வரை இந்தப் பணத்துக்காக மாந்தோப்பை அடகு வைக்கவும் வேண்டாம்.

ஓசூர் பையன்களின் ஃபைல் அடிபடுவது பெரும்பாலும் அனுபவச் சான்றில். கழுத்தில் தொங்குவது பெரிய கம்பெனியின் ஐடி கார்டு. சம்பளம் போடுவது கான்ட்ராக்டர். சான்று யார் பெயரில் வருகிறதோ அதே பெயர் சம்பளச் சீட்டிலும் பிஎஃப் பாஸ்புக்கிலும் இருக்க வேண்டும். ‘ஆபரேட்டர்’ என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காமல், எந்த மெஷின், என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். படிப்பு முடிவதற்கு முன் பார்த்த வேலையை நம்பிப் புள்ளி கணக்குப் போடக் கூடாது. வேலையை விட்டபின் கான்ட்ராக்டரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், இப்போதே வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று இனிஷியல். மார்க் ஷீட்டில் ‘எம்.’ என்றும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மொழித் தேர்வுக்கும் முடக்கக் கணக்குக்கும் பெயர் கொடுங்கள். அதற்கு மேல் மூன்றாவது வடிவம் ஒன்றை உருவாக்கிவிடாதீர்கள்.

மற்ற நாடுகள் பற்றிச் சுருக்கமாக: பிரிட்டனில் 2025 ஜூலை 22 முதல் திறன் வேலை விசா பெரும்பாலும் பட்டப்படிப்பு நிலை வேலைகளுக்குத்தான், பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்ட், சின்னவன் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பெரியவனுக்கு முதலில் இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா என்ற பொறியாளர் அமைப்பின் தகுதி மதிப்பீடு. அந்த நாட்டின் புள்ளி முறையில் 65 புள்ளி என்பது வரிசையில் நிற்க மட்டுமே, அழைப்புக்குக் கூடுதலாகத் தேவைப்படும்.

ஏஜென்ட்டிடம் இ-மைக்ரேட் (வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இணையதளம்) பதிவு எண் கேட்டு, அந்தத் தளத்திலேயே சரிபாருங்கள். பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், மொத்தம் 35,400. ‘நாங்கள் ஆள் சேர்ப்பவர்கள் இல்லை, கன்சல்டன்சி’ என்றால், வேலை வாங்கித் தருவதாக அவர்கள் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார்கள். வேலை ஏற்பாடு செய்ய ஆள் வேண்டும் என்றால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அதன் அறிவிப்புகளை முதலில் பாருங்கள்.