ராப் என்றால் வேகமாகப் பேசுவதுதானே, அது எப்படி உலகம் முழுக்கப் பரவியது?

கேள்வியில் உள்ள அந்த 'தானே'யைப் பார்த்த பிறகு பேசாமல் கடந்துபோக முடியவில்லை. உங்கள் வீட்டில் பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு பிள்ளை காதில் ஹெட்போனோடு திரிகிறது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் கேள்வி இந்தத் தொனியில் வந்திருக்காது. 1992இல் என் அப்பாவும் இதே சொல்லைத்தான் சொன்னார்.

நான் இசை படித்தவன் இல்லை. பாரிஸ் புறநகரில் வளர்ந்து, மின்சார வேலை செய்கிறவன். இசை தெரிந்தவர்கள் பிழை கண்டால் திருத்துங்கள். ஆனால் இந்த இசைக்கு நான் பட்ட கடன் எனக்குத் தெரியும்.

முதலில் தொடக்கம். 1973 ஆகஸ்ட் 11, நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவெனியூ, 1520ஆம் இலக்க மாடிக் கட்டடம். பள்ளிக்கூடம் தொடங்கப்போகிறது, புது உடுப்பு வாங்கக் காசு வேண்டும் என்று சிண்டி காம்பெல் என்ற பெண் அந்தக் கட்டடத்தின் பொதுமண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஒரு கொண்டாட்டம் வைத்தார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். இசைத்தட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ். கூல் ஹெர்க் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஜமேக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, 12 வயதில் நியூயோர்க்குக்கு வந்தவர். கிங்ஸ்டன் தெருக்களில் ஒலிபெருக்கிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி, ஓடுகிற பாட்டுக்கு மேலே மைக்கில் கதை சொல்லி ஆட்களை ஆடவைக்கிற வழக்கம் இருந்தது. அந்த நினைவு அவரோடு கூடவே வந்தது.

ஹெர்க் ஒன்றைக் கவனித்தார். பாட்டு நின்று மேளம் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில வினாடிக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி எடுத்து, இரண்டு பிளேயரில் வைத்தார். ஒன்றில் மேளம் முடிகிற நேரம் மற்றதில் அதே மேளத்தைத் தொடங்கினார். அது ஓடும்போது முதல் தட்டைக் கையால் பின்னுக்குத் திருப்பி வைத்தார். சில வினாடி பல நிமிடமாக நீண்டது. அவருடைய கூட்டாளி கோக் லா ராக் மைக்கைப் பிடித்து, வந்திருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இரண்டிரண்டு வரி சொன்னார். நீங்கள் சொல்லும் 'வேகமான பேச்சு' அங்கே இருந்துதான் வளர்ந்தது. பேச்சு பிறகு வந்தது, முதலில் வந்தது மேளம். நெடுஞ்சாலைக்காக வீடுகளை இடித்து, மிச்சக் கட்டடங்களில் பல காப்புறுதிக் காசுக்காக எரிக்கப்பட்ட பகுதி அது. வாத்தியம் வாங்க வசதி இல்லாத பிள்ளைகள் வீட்டில் இருந்த ரெக்கார்ட் பிளேயரையே வாத்தியமாக்கினார்கள்.

பரவிய கதையை நான் இருக்கிற இடத்திலிருந்தே சொல்கிறேன். 1982 நவம்பரில் பிராங்ஸ் டிஜே ஆஃப்ரிகா பம்பாட்டா உட்பட நியூயோர்க் கலைஞர்கள் பிரான்ஸுக்கு வந்து ஊர் ஊராக நிகழ்ச்சி செய்தார்கள். 1984இல் தே எஃப் 1 தொலைக்காட்சியில் ஞாயிறுதோறும் ஹிப் ஹாப் நிகழ்ச்சி. ராப், டிஜே, ஆட்டம், மதிலில் எழுதும் வண்ண எழுத்து எல்லாம் சேர்ந்ததைத்தான் ஹிப் ஹாப் என்பார்கள். நடத்தியவர் சிட்னி, குவாதலூப் குடும்பத்துப் பிள்ளை. 1986இல் டீ நாஸ்டி என்ற டிஜே, பாரிஸில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் கடை போட்டிருக்கும் லாச்சப்பலுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுக் காணியில் வெட்டவெளியில் இசைத்தட்டுப் போட்டார். சுற்றுமதில் முழுக்க வண்ண எழுத்துகள்.

அப்பா 1985இல் வந்தவர். நானும் அம்மாவும் 1990இல் வந்தோம். எனக்கு 11 வயது, ஒரு சொல் பிரெஞ்சு தெரியாது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கான வகுப்பில் போட்டார்கள். ஆசிரியர் சொல்வது மழை கொட்டுவது மாதிரி இருக்கும், துளி துளியாகப் பிரிக்கத் தெரியாது. மேல்மாடியில் இருந்த மாலி நாட்டுப் பெடியன் ஒரு கசற் தந்தான். எம்சி சோலார் என்ற ராப் பாடகருடையது. செனகல் நாட்டின் டக்காரில் பிறந்து பாரிஸ் புறநகரில் வளர்ந்தவர். ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக வைப்பார்.

இரவில் ஒரு வரி கேட்பேன், நிறுத்துவேன், காதில் விழுந்ததை ஊரிலிருந்து கொண்டுவந்த கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதுவேன். பிரெஞ்சில் மூக்கால் வரும் ஒலிகள் சில உண்டு. எங்கள் 'ன்'னை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது. ஒன்றுக்கு மேலே புள்ளி, ஒன்றுக்குக் கீழே கோடு என்று நானே அடையாளம் போட்டேன். பிறகு கசற் பெட்டித் தாளில் அச்சிட்ட வரிகளோடு ஒப்பிட்டேன். எழுத்தில் நாலு விதமாக முடிகிற சொற்கள் காதில் ஒன்றாகவே முடிந்தன. கடைசி எழுத்தை விழுங்குகிற மொழி இது என்பதை எனக்கு இலக்கணப் புத்தகம் சொல்லித்தரவில்லை, அந்த இயைபு சொல்லித்தந்தது. எதுகை மோனையில் வளர்ந்த காது எனக்கு. அது உடனே பிடித்துக்கொண்டது.

அடுத்த வருடம் வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். தடுமாறாமல் வாசித்தேன். எங்கே பழகினாய் என்று ஆசிரியை கேட்டார், சொன்னேன். "அது பிரெஞ்சு இல்லை" என்றார். முப்பது வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் வலிக்கிறது. 1996இல் இருந்து வானொலிகள் நாற்பது வீதம் பிரெஞ்சுப் பாட்டுப் போட வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அந்த இடத்தை நிரப்பியதில் ராப்புக்குப் பெரிய பங்கு உண்டு. எதைப் பிரெஞ்சு இல்லை என்று அந்த ஆசிரியை சொன்னாரோ, அந்த மொழியைக் காற்றில் வைத்திருந்தவர்களில் இந்தப் பெடியளும் இருந்தார்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் எழுதுகிறேன். அந்தப் பிரெஞ்சை நான் முதலில் பயன்படுத்தியது அரச அலுவலகங்களில். 12 வயதில் பள்ளிக்கூடம் போகாமல், விடிய நாலு மணிக்கு அம்மாவோடு வரிசையில் நிற்பேன். ஆஸ்பத்திரியில் அம்மாவின் வயிற்றுக் கட்டியைப் பற்றி மருத்துவர் சொன்னதை அம்மாவுக்கு நான்தான் சொன்னேன். ஒரு பிள்ளையின் வாயால் அதைச் சொல்லவைக்கக்கூடாது என்று அங்கே பெரியவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. நம்மவர்களும் 'கெட்டிக்காரன்' என்று முதுகில் தட்டினார்களே தவிர, கூட வந்து நின்றது குறைவு. வெளிநாட்டில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இது நடந்தது, யாரும் கதைப்பதில்லை.

சரி. ராப்பில் கெட்ட வார்த்தை இல்லையா, பெண்களை இழிவாகப் பேசவில்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. என் மகளுக்கு நான் போட்டுக்காட்டாத பாட்டுகள் நிறைய. ஆனால் ஏன் பரவியது என்று கேட்டால் என் பதில் இதுதான்: கிங்ஸ்டனிலிருந்து போனவர் நியூயோர்க்கில் தொடங்கினார், டக்காரில் பிறந்தவர் பாரிஸில் பிரெஞ்சில் சொன்னார். சொந்த வீடு, வாத்தியம், குரல்வளம் ஒன்றும் கேட்காமல், இருக்கிற நாக்கை வைத்துத் தொடங்கு என்று சொன்ன இசை வேறு எனக்குத் தெரியாது.

போன வருடம் அப்பாவிடம், டீ நாஸ்டி இசைத்தட்டுப் போட்ட அந்தக் காணியைப் பற்றிக் கேட்டேன். அவர் அப்போது உணவகத்தில் கோப்பை கழுவினார். வேலைக்குப் போகிற மெட்ரோ அந்த இடத்தில் மேம்பாலத்தில் ஓடும்.

"ஓம், கண்டிருக்கிறன். மதில் முழுக்கப் பெயின்ற். பெடியள் மட்டையை விரிச்சுத் தலைகீழா நிண்டு சுத்துவாங்கள்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மழைக்குள்ளயும் நிண்டவங்கள்," என்றார்.