ஞாயிறுதோறும் ஒரு கரண்டி பஃபர்: பவளத்தின் அடி ஏன் வெளுக்கிறது?

கேள்வி: சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். சம்ப் (கீழே இருக்கும் துணைத் தொட்டி) உட்பட மொத்த நீர் 200 லிட்டர், வைத்துப் பத்து மாதமாகிறது. மீன்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் அக்ரோபோரா என்ற கிளைப் பவளம் பழுப்பாகி, அடியிலிருந்து தோல் உரிந்து வெள்ளை எலும்பு தெரிகிறது. நுனிகளும் கருகினாற்போல் இருக்கின்றன. டார்ச் கோரல் என்ற நீண்ட கைகளுள்ள பவளம் பாதிதான் விரிகிறது. சனிக்கிழமை சோதித்தால் ஆல்கலினிட்டி 6.5, கால்சியம் 390, மெக்னீசியம் 1200. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். மறுநாள் பஃபர் பவுடர் போட்டு ஆல்கலினிட்டியை 9.5-க்கு ஏற்றிவிடுவேன். வெப்பம் இரவில் 26.5, பிற்பகலில் 29.5 டிகிரி. எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தை நிறுத்துங்கள். 6.5 டி.கே.எச். (ஆல்கலினிட்டியின், அதாவது நீரிலுள்ள கார்பனேட் இருப்பின் அலகு) பவளத்தைக் கொல்லும் அளவல்ல, 9.5-ம் அப்படித்தான். ஒரே நாளில் 3 டி.கே.எச். ஏறி, பிறகு ஆறு நாள் சரிந்து, மறுபடி ஏறுவதுதான் தாங்க முடியாதது. 7.2-லேயே ஆண்டு முழுக்க நிற்கும் தொட்டியில் அக்ரோபோரா செழிக்கும். வாரம் ஒருமுறை ஏறி இறங்கும் தொட்டியில் அடியிலிருந்து உரியும்.

கல் பவளம் தன் எலும்பைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அதற்கான கார்பனேட்டை நீரின் ஆல்கலினிட்டியிலிருந்தும் கால்சியத்தைக் கடல்நீரிலிருந்தும் எடுக்கிறது. இரண்டும் குறையும் விகிதம் கிட்டத்தட்ட மாறாதது: ஆல்கலினிட்டி 1 டி.கே.எச். குறைந்தால் கால்சியம் ஏறக்குறைய 7 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) குறையும். கால்சியத்தின் இருப்பு 400 அளவில் என்பதால் 20 குறைந்தாலும் பவளத்துக்குத் தெரியாது. ஆல்கலினிட்டியின் இருப்போ வெறும் 8. அதனால் முதலில் ஆட்டம் காண்பது அதுதான். தினமும் கவனிக்க வேண்டிய எண்ணும் அதுவே.

உங்கள் தொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதற்கு விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. வாரத்துக்கு 3 டி.கே.எச்., அதாவது நாளொன்றுக்கு 0.43. 200 லிட்டர் நீரில் 1 டி.கே.எச். ஏற்ற 6 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். நம் சமையலறை ஆப்பசோடாதான் அது, வேறெதுவும் கலக்காததாக இருக்க வேண்டும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைத் தொடவே கூடாது. ஆக, நாளொன்றுக்கு 2.6 கிராம். அதற்கு ஈடான கால்சியம் நாளொன்றுக்கு 3 பி.பி.எம்.; கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டில் 2.2 கிராம். உங்களிடம் இருப்பது நீரற்ற வகை என்றால் அதன் முக்கால் பங்கு போதும். பாக்கெட்டில் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் தராசு தூக்குவது நடக்காது. 52 கிராம் ஆப்பசோடாவை ஆர்.ஓ./டி.ஐ. நீரில் (வடிகட்டி உப்பெல்லாம் நீக்கிய நீர்) கரைத்து 1 லிட்டராக்கி ஒரு பாட்டிலில் வையுங்கள். 44 கிராம் கால்சியம் குளோரைடை அதே போல 1 லிட்டராக்கி இன்னொரு பாட்டிலில் வையுங்கள். இரண்டிலிருந்தும் தினம் 50 மில்லி. இருபது நாளுக்கு வரும். டோசிங் பம்ப் இருந்தால் ஆறேழு தவணையாகப் பிரித்துவிடுங்கள். கையால் ஊற்றுவதானால் காலையும் இரவும் 25 மில்லி. ஒன்றை ஊற்றி அரை மணி நேரம் கழித்தே மற்றது, அதுவும் நீரோட்டம் வலுவாக உள்ள இடத்தில். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் பால்போலக் கலங்கி, பவளத்துக்குப் போக வேண்டியது பம்பின் உள்ளே சுண்ணமாகப் படியும்.

தொடங்கும் நாள் புதன் அல்லது வியாழன். அன்று ஆல்கலினிட்டி 8 அருகே இருக்கும். அந்த இடத்திலேயே பிடித்து நிறுத்துகிறோம். முதல் பத்து நாள் தினமும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். வீட்டு சோதனைக் கிட்டில் 0.3 அளவு பிழை சகஜம் என்பதால் ஒரு நாள் எண்ணை வைத்து அளவை மாற்றக் கூடாது. மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால் 5 மில்லி கூட்டுங்கள், ஏறினால் 5 மில்லி குறையுங்கள்.

கால்சியத்தை 420-க்குக் கொண்டுவரத் தனியாக 22 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் வேண்டும். இரண்டு நாளாகப் பிரித்துப் போடுங்கள். மெக்னீசியம் 1200 என்பது குறைவு. அது குறைந்தால் கால்சியமும் கார்பனேட்டும் பவளத்தைச் சேராமல் தாமாகவே படியத் தொடங்கும். 1300 ஆக்க மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 167 கிராம். நான்கு நாளில் போடுங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

பாட்டில்களுக்கு மாற்றாகச் சுண்ணாம்புத் தெளிநீரும் உண்டு. ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றும் ஆர்.ஓ. நீரில் தூய கால்சியம் ஹைட்ராக்சைடைக் கலப்பதுதான் முறை. ஆல்கலினிட்டி, கால்சியம் இரண்டையும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் அது தரும். உங்கள் தேவைக்கு நாளொன்றுக்கு 1.1 கிராம் போதும். ஆனால் இது கடுமையான காரம். தானியங்கி நிரப்பியின் மிதவை சிக்கி முழு வாளியும் ஒரே இரவில் இறங்கினால் பி.எச். எகிறித் தொட்டியே போய்விடும். அதனால் நிரப்பும் வாளியில் இரண்டு நாள் நீருக்கு மேல் வைக்காதீர்கள், மூடியும் வையுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது. பாட்டில் முறை, சுண்ணாம்பு முறை, இரண்டில் ஒன்றுதான்.

அடுத்தது அந்த இரண்டு பூஜ்யங்கள். பலர் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். பவளத்துக்கு அது பட்டினி. பவளத் தசைக்குள் வாழும் நுண்பாசிகள்தான் ஒளியைச் சர்க்கரையாக்கி அதற்கு ஊட்டுகின்றன. அந்தப் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் பவள ஆய்வுக்கூடம், பாஸ்பேட் கிடைக்காத பவளம் வெப்பத்திலும் ஒளியிலும் எளிதில் வெளுக்கும் என்று காட்டியிருக்கிறது. சத்தில்லாத நீரில் ஆல்கலினிட்டி 9.5-க்குப் போகும்போது, எலும்பு முந்தித் தசை பிந்துவதுபோல நுனிகள் கருகும். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு மணிகள் ஓடினால் நிறுத்துங்கள். ஸ்கிம்மரை (நுரையோடு கழிவை வெளியேற்றும் கருவி) கொஞ்சம் உலர்வாக, நுரை குறைவாகச் சேரும்படி ஓட விடுங்கள். மீனுக்கு உணவை இரு மடங்காக்குங்கள். இலக்கு: நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 அருகில். மணலில் குமிழியோடு பழுப்பு நிறக் கோழை படர்ந்து, இரவில் மறைந்து பகலில் திரும்புகிறதா என்று பாருங்கள். அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். பூஜ்யத் தொட்டிகளுக்கு அது அடிக்கடி வரும் விருந்தாளி.

வெப்பமும் சின்ன விஷயமல்ல. நாள்தோறும் 3 டிகிரி ஊசலாட்டம், அதிலும் உச்சம் 29.5. சிங்கப்பூர்க் கடலிலேயே 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் பவளம் வெளுத்தது. கோடை உச்சத்துக்கு மேல் ஒரே ஒரு டிகிரி சில வாரம் நீடித்தாலே அது தொடங்கிவிடும். மேற்பரப்பில் மின்விசிறி வைத்தால் ஆவியாதலில் குளிரும். ஆனால் சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் 2 டிகிரி குறைந்தாலே பெரிது. அக்ரோபோரா வைத்திருக்க விரும்பினால் 1/10 குதிரைத்திறன் சில்லர் வாங்குங்கள், 26-இல் வையுங்கள். அதை அலமாரிக்குள் அடைக்காதீர்கள். கக்கும் சூடு திரும்ப நீருக்கே வரும்.

உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்க வேண்டும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நீரில் மட்டும் சரிசெய்தால் போதாது, 35 பி.பி.டி. அளவீட்டுத் திரவத்தில் பாருங்கள். குழாய் நீரில் குளோராமின் உண்டு. அதைத் தடுக்கும் கார்பன் வடிப்பான் ஆர்.ஓ.வுக்கு முன்னால் இருக்கட்டும். வெளிவரும் நீரின் டி.டி.எஸ். (கரைந்த பொருள்களின் அளவு) 0 இருக்க வேண்டும். வாரம் 20 லிட்டர் மாற்றுங்கள், அதற்கு ஏறத்தாழ 740 கிராம் உப்பு. ஒரு விஷயம் பலரும் பார்ப்பதில்லை: பவளத் தொட்டிக்கென்று விற்கும் சில உப்புகள் கரைந்ததும் 11 டி.கே.எச். காட்டும். புதிய நீரையும் சோதித்துவிட்டு ஊற்றுங்கள்.

விளக்கைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அக்ரோபோராவுக்கு பி.ஏ.ஆர். (பாசிக்குப் பயன்படும் ஒளியின் அளவு) 200–350, டார்ச்சுக்கு 80–150 போதும். மீட்டர் வாடகைக்குக் கிடைத்தால் ஒருநாள் எடுத்து அளந்துவிடுங்கள். டார்ச்சின் கைகள் நீரோட்டத்தில் நெல் வயல்போல அசைய வேண்டும். ஒரே பக்கமாக மடிந்து கிடந்தால் பம்ப் நேராக அடிக்கிறது என்று பொருள். அதன் கைகள் இரவில் நீண்டு பக்கத்துப் பவளத்தைக் கொட்டும், சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள்.

இப்போது உரிந்துகொண்டிருக்கும் அக்ரோபோரா. உரிதல் ஒரு நாளில் ஒரு விரற்கடை நகர்ந்தால் காத்திருக்காதீர்கள். உயிருள்ள கிளைகளை, வெள்ளைக்கு மேலே 1–2 சென்டிமீட்டர் நல்ல தசையோடு சேர்த்து வெட்டி, அயோடின் கரைசலில் தயாரிப்பாளர் சொன்ன நேரம் முக்கி, புதிய தட்டில் ஒட்டுங்கள். வாரக் கணக்கில் மெல்ல நகர்ந்தால் வெட்ட வேண்டாம். ஆல்கலினிட்டி நின்றதும் பெரும்பாலும் தானே நிற்கும். உரிந்த ஓரத்தில் தசைக்கு அடியே வட்டக் கடித்தடங்கள் தெரிந்தால் கதை வேறு, அது அக்ரோபோரா தின்னும் தட்டைப்புழு. முக்கினால் புழு விழும், முட்டை விழாது. ஆகவே வாரம் ஒருமுறை, ஆறு வாரம் தனித்தொட்டியில் வைத்து முக்க வேண்டும். டார்ச்சின்மேல் பழுப்பு ஜெல்லி படிந்தால், பம்ப்பை நிறுத்தி அதைக் குழாயால் உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டு, அந்தத் தலையை அன்றே பிரித்தெடுங்கள்.

ஸோவாந்திட் எனப்படும் பட்டன் பவளங்கள் வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறை, கண்ணாடி இல்லாமல் வெட்டாதீர்கள். அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் வேகவைக்கவோ பிரஷ் போட்டுத் தேய்க்கவோ கூடவே கூடாது. ஆவியிலேயே வீடு முழுக்க நோய்ப்பட்ட சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கும் ஒரு சொல். இந்தியாவில் பாறை கட்டும் எல்லாப் பவளங்களும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் கரையொதுங்கிய துண்டைக்கூட எடுக்காதீர்கள். சிங்கப்பூரிலிருந்து ஊருக்குத் திரும்பும்போது தொட்டிப் பவளத்தைப் பெட்டியில் கொண்டுபோகவும் முயலாதீர்கள். கல் பவளம் எல்லை தாண்ட சைட்டிஸ் (அருகும் உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதி வேண்டும்.

ஆறு வாரம் புதிதாக எதையும் வாங்காமல் இருங்கள். முதலில் டார்ச் விரியும், பிறகு அக்ரோபோராவின் அடி தட்டின்மேல் மெல்லிய விளிம்பாகப் படரும். நிறம் திரும்ப மூன்று நான்கு மாதமாகலாம். பவளம் வளர வளர 50 மில்லி போதாமல் 60, 70 ஆகும், அது நல்ல செய்தி. மாறாக, அளவு மாறாமலே ஆல்கலினிட்டி திடீரென ஏறினால் பவளம் எலும்பு கட்டுவதை நிறுத்திவிட்டது என்று பொருள். கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் அன்றே வெப்பம், உப்பு, பாஸ்பேட் மூன்றையும் சோதியுங்கள்.