தோட்டத்துக் குடோனை இடித்துவிட்டு காட்டேஜ் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து, சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றேன். கைக்கு வந்ததில் 35 லட்சம் ரூபாய் வங்கி டெபாசிட்டில் இருக்கிறது. கொடைக்கானல் கீழ்மலையில் அப்பா விட்டுப்போன 4 ஏக்கர் தோட்டம் உண்டு. காபி, மிளகு, கொஞ்சம் மலைவாழை. பட்டா என் பெயரிலும் தங்கை பெயரிலும் கூட்டாக இருக்கிறது. தோட்டத்துக்குள் அந்தக் காலத்துக் கல் குடோன் ஒன்று, மாட்டுக்கொட்டகை ஒன்று, ஆட்கள் குடியிருந்த ஓட்டு லைன் வீடுகள் நான்கு. பத்து வருடமாக எல்லாம் சும்மா கிடக்கின்றன. இவற்றை இடித்துவிட்டு 6 காட்டேஜ் கட்டினால் வருடத்துக்கு 38 லட்சம் வசூலாகும் என்கிறார் ஒரு கான்ட்ராக்டர். செலவு 75 லட்சம். குறைகிற 40 லட்சத்துக்கு மதுரை வீட்டை அடமானம் வைக்கலாம் என்று யோசனை சொல்கிறார். ஊராட்சியில் அனுமதி வாங்கித் தருவது தன் பொறுப்பாம். அட்வான்ஸாக 3 லட்சம் கேட்கிறார். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: உங்கள் மனைவிக்குப் பிடிக்காதது தோட்டத்தில் விருந்தாளிகளைத் தங்கவைப்பதா, மதுரை வீட்டை அடமானம் வைப்பதா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டாவது என்றால் நானும் அவர் கட்சிதான்.

முதலில் அந்த 38 லட்சத்தைப் பார்ப்போம். அறைக்கு ஓர் இரவு 2,500 ரூபாய், ஆறு அறை, 365 நாள், நூற்றுக்கு எழுபது நிரம்பும். இப்படிப் பெருக்கித்தான் சொல்லியிருப்பார். பெருக்கலில் தப்பில்லை. ஆனால் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ராத்திரி கீழ்மலைக்கு யார் வருவார்கள்? வெள்ளி, சனி இரவுகள் வருடத்துக்கு 104. ஏப்ரல், மே சீசனில் அவற்றோடு சேராத இரவுகள் ஒரு 43. ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறை என்று இன்னும் ஒரு 13 சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, ஆள் வரக்கூடிய இரவுகள் 160. அவற்றிலும் ஆறு அறையும் ஒரேயடியாக நிரம்பிவிடாது. மழை, பரீட்சை, மலைப்பாதையில் மண்சரிவு என்று ஏதாவது ஒன்று வரும். அறுபது சதவீதம் என்று வைத்தால் 576 அறை-இரவுகள். மிச்சமுள்ள 205 நாளுக்குப் பத்து சதவீதம் போட்டால் இன்னும் 123. மொத்தம் ஏறக்குறைய 700. வசூல் 17.5 லட்சம். கான்ட்ராக்டர் சொன்னதில் பாதிகூட இல்லை.

இதிலிருந்து முன்பதிவுத் தளங்களின் கமிஷன் இரண்டரை லட்சம் போகும். காவலுக்கு ஒருவர், சமையலுக்கு ஒருவர், துப்புரவுக்கு ஒருவர் என்று மாதம் 37,000 சம்பளம் வைத்தால் வருடத்துக்கு நாலரை லட்சம். மின்சாரம், சலவை, கேஸ், குழாய் ரிப்பேர், பெயிண்ட் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம். கையில் நிற்பது 8 லட்சம். 40 லட்சம் கடன், பத்து வருடம், பத்தரை சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 54,000. வருடத்துக்கு ஆறரை லட்சம். ஆகவே உங்கள் 35 லட்சம் சம்பாதித்துத் தருவது ஒன்றரை லட்சம். அதே பணம் 7 சதவீத டெபாசிட்டில் படுத்துக்கொண்டே 2.45 லட்சம் கொண்டுவரும். பத்து வருடம் கழித்துக் கடன் முடிந்தால் காட்டேஜ் உங்களுக்கு மிஞ்சும் என்பது உண்மைதான். அப்போது உங்களுக்கு 64 வயது. கட்டடத்துக்கும் பெரிய செலவு வைக்கிற வயது.

சீசன் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2024 மே மாதம் முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள்தான் என்று நீதிமன்றம் எண்ணிக்கையையும் வரையறுத்தது. உங்கள் தோட்டம் சோதனைச்சாவடிக்குக் கீழேயே இருந்தாலும், புதிதாக வருகிற குடும்பம் கொடைக்கானல் ஏரியையும் பார்த்துவிட்டுப் போகத்தான் வரும். பாஸ் கிடைக்காவிட்டால் பயணத்தையே ரத்து செய்துவிடுவார்கள். நீங்கள் மிகவும் நம்பியிருக்கிற இரண்டு மாதம்தான் இப்படிக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது.

சரி, கடன் விஷயம். தோட்டம் இருக்கும்போது ஏன் மதுரை வீட்டைக் கேட்கிறார்கள் என்று யோசித்தீர்களா? கடன் நின்றுபோனால் நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்கிற அதிகாரத்தை வங்கிகளுக்குத் தருவது 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது. அதனால் வங்கிக்குத் தோட்டத்தின் மேல் ஆசை கிடையாது. ஊருக்குள் இருக்கிற வீடுதான் அதற்கு வேண்டும். மலையில் கட்டுகிற கட்டடத்துக்கு எது நடந்தாலும் அடி விழுவது நீங்கள் குடியிருக்கிற வீட்டின் மேல். கூட்டுறவு சங்கத்தில் தோட்டத்தைக் காட்டி வட்டியில்லாப் பயிர்க்கடன் வாங்கி இதில் போடலாம் என்று யாராவது சொன்னால், அதையும் காதில் வாங்காதீர்கள். பயிருக்குக் கொடுத்த பணம் பயிருக்குத்தான்.

மலையில் என்ன நடந்துவிடும்? உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 'ஊராட்சியில் அனுமதி வாங்கித் தருவது தன் பொறுப்பு' என்ற வரிதான். 1990 முதல் தமிழ்நாட்டின் மலைக் கிராமங்களுக்கு ஹாகா என்று எல்லோரும் சொல்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள கிராமத்தில் வணிகக் கட்டடம் எழுப்ப வேண்டுமென்றால் நகர் ஊரமைப்பு அலுவலகம் வழியாகப் போக வேண்டும். வனத்துறை, வேளாண்மைப் பொறியியல் துறை, கனிமவளத் துறை, வருவாய்த் துறை என்று ஒவ்வொருவரும் கருத்துச் சொல்ல வேண்டும். சரிவு எவ்வளவு, மண் நிற்குமா, பக்கத்தில் காப்புக்காடு இருக்கிறதா, ஓடை போகிறதா என்று பார்ப்பார்கள். ஊராட்சியின் கையெழுத்து இதற்கெல்லாம் பிறகு வருவது. நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கை வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். ஜேசிபி இறக்கவும் கேட்க வேண்டும். ஏற்கனவே அங்கே கட்டடம் இருந்தது என்பதால் புதிதாகக் கட்டும் உரிமை தானாக வந்துவிடாது. மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் மாட்டுக்கொட்டகை கட்டுவது வேறு, விடுதி கட்டுவது வேறு.

அனுமதி இல்லாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரியில் முதுமலைக் காட்டை ஒட்டியுள்ள சீகூர் பீடபூமி நல்ல பாடம். யானை வழித்தடம் என்று 2010-ல் அரசு அறிவித்தது. 2011-ல் உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. விடுதிக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2018 ஆகஸ்டில், முறையான அனுமதி இல்லாத 27 விடுதிகளை மூடி சீல் வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 அக்டோபர் 14 அன்று வந்த தீர்ப்பு வழித்தட அறிவிப்பை உறுதி செய்தது. எட்டு, பத்து வருடம் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள் கதவில் ஒரு தாள் ஒட்டப்படும். உங்கள் ஊர் யானை வழித்தடத்தில் வருகிறது என்று நான் சொல்லவில்லை. மலையில் 'எல்லாரும் கட்டுகிறார்கள், நாமும் கட்டுவோம்' என்கிற தைரியத்துக்கு என்ன விலை என்று காட்டத்தான் இதைச் சொன்னேன். தீ, புயல், மண்சரிவுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாம். அரசு உத்தரவால் மூடப்பட்ட கட்டடத்துக்கு எந்த பாலிசியும் பணம் தராது. தவணை மட்டும் மாதாமாதம் 5-ஆம் தேதி வந்து நிற்கும்.

அடுத்தது வரி. இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். காபி, மிளகு விற்ற பணம் வரிச் சலுகையுள்ள விவசாய வருமானம். தோட்டத்துக் குடோனும் ஆட்கள் வீடும் விவசாயத்துக்குப் பயன்படுகிற வரை அவற்றுக்கும் அந்தச் சலுகை உண்டு. அதே கட்டடத்தைச் சுற்றுலா வருகிறவருக்கு வாடகைக்கு விட்ட நிமிடத்திலிருந்து அந்த வாடகை விவசாய வருமானம் கிடையாது. தோட்டத்துக்குள் இருக்கிறது என்ற வாதம் எடுபடாது. வருடாந்திர வருமான வரி உங்களைப் பெரிதாகக் கடிக்காது. புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் தப்பித்துவிடுவீர்கள். கடிக்கப்போவது விற்கிற அன்றைக்குத்தான். நகராட்சி எல்லையை விட்டு விலகிய கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியே கிடையாது. விடுதி நிற்கிற நிலத்துக்கு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது; நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம் கட்ட வேண்டும். மலையில் ஏக்கர் என்ன விலை போகிறது என்பது உங்களுக்கே தெரியும். நான்கு ஏக்கரையும் வேலி போட்டு 'ரிசார்ட்' என்று போர்டு மாட்டினால், தாத்தா காலத்திலிருந்து வந்த ஒரு பெரிய சலுகையை நீங்களே கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறீர்கள். காபியை எந்தக் காரணத்துக்காகவும் பிடுங்காதீர்கள். 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா விலை வரலாற்று உச்சத்தைத் தொட்ட நேரத்தில், கார் நிறுத்த இடம் வேண்டுமென்று செடியை வெட்டியவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஜிஎஸ்டி சுருக்கமாக. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். அறை வாடகையோடு சாப்பாட்டுப் பணமும் இந்தக் கணக்கில் சேரும். இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். நீங்கள் பதிவு செய்யாத நிலையில் தளங்கள் வழியாக அறை கொடுத்தால் அந்த வரியைத் தளமே வசூலித்துக் கட்டிவிடும். கிணற்று மோட்டாருக்கான இலவச மின் இணைப்பிலிருந்து அறைக்கு வயர் இழுக்காதீர்கள்; சின்ன விஷயமாகத் தெரியும், அபராதம் சின்னதாக இருக்காது.

அப்படியானால் ஒன்றுமே செய்ய வேண்டாமா? செய்யுங்கள், இடிக்காமல். நான்கு லைன் வீட்டில் நல்ல நிலையில் உள்ள இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடு மாற்றி, தரை போட்டு, வீட்டோடு சேர்ந்த கழிப்பறை கட்டி, செப்டிக் டேங்க் வைக்க என் கணக்கில் 9 லட்சம் ஆகும். பயன்பாடு மாறுவதால் இதற்கும் அனுமதி கேட்கத்தான் வேண்டும். ஆனால் பழைய சுவர், பழைய பரப்பு, புதிதாக மண் வெட்டுவதில்லை என்றிருக்கும்போது மனுவில் விளக்க வேண்டியது குறைவு. சுற்றுலாத் துறையில் தங்கும் இல்லமாகப் பதிவு செய்வதைப் பற்றியும் விசாரியுங்கள். இரவுக்கு 2,000 ரூபாய், வீட்டுக்கு 115 இரவு என்றால் இரண்டுக்கும் சேர்த்து 4.6 லட்சம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கே மாதம் 8,000 கூடுதலாகக் கொடுத்து, கமிஷனும் மற்ற செலவும் கழித்தால் இரண்டேகால் லட்சத்துக்கு மேல் நிற்கும். கடன் இல்லை. மிச்சம் 26 லட்சம் டெபாசிட்டிலேயே இருக்கும். இரண்டு சீசன் ஓட்டிப் பாருங்கள். வரவில்லையென்றால் 9 லட்சத்தோடு போயிற்று, தோட்டத்துக்கு நல்ல ஆட்கள் வீடு இரண்டு மிச்சம்.

அந்தக் கல் குடோனையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். களத்தில் காபி காய்கிற வாசத்துக்கும் அந்தச் சுவருக்கும்தான் மதுரைக்காரர்களும் சென்னைக்காரர்களும் காசு கொடுத்து வருவார்கள். சிமென்ட் காட்டேஜை அவர்கள் கொடைக்கானல் முழுக்கப் பார்த்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் தங்கை. கூட்டுப் பட்டாவில் ஒருவர் மட்டும் பணம் போட்டுக் கட்டினால், நாளைக்குக் கட்டடத்தில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி வரும். இன்று ஒத்துப்போகிற அண்ணன் தங்கைக்கு நடுவில்கூட வரும், அடுத்த தலைமுறையில் கட்டாயம் வரும். பாகப் பிரிவினையோ, லைன் வீடு இருக்கும் பகுதிக்கு மட்டும் அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிவு செய்துகொள்ளுங்கள். அல்லது அவரையும் தொழிலில் பங்குதாரராகச் சேர்த்து லாபப் பங்கை எழுத்தில் வையுங்கள். அதோடு வில்லங்கச் சான்று, அ-பதிவேட்டு நகல், புல வரைபடம் மூன்றையும் எடுத்து, உங்கள் சர்வே எண்ணில் வனத்துறைக் கட்டுப்பாடு ஏதும் இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இதற்கு ஆகிற செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

அந்த 3 லட்சம் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால், ஹாகா அனுமதிக் கடிதத்தின் நகலை நேரில் பார்த்த பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள். கொடுத்திருந்தால் ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எதற்காக, எந்த வேலைக்காகக் கொடுத்தீர்கள் என்று இந்த வாரமே அவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். ஜேசிபி தோட்டத்துக்குள் வருவதற்கு முன்னால்.