கடன் படிவத்தில் இனமும் பாலினமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். வீட்டுக் கடனுக்கு நேரில் சென்று விண்ணப்பித்தபோது, எங்கள் இருவரின் இனத்தையும் பாலினத்தையும் கேட்டார்கள். சொல்ல விருப்பமில்லை என்றதும், கடன் அலுவலர் எங்கள் தோற்றத்தைப் பார்த்துத் தாமே குறித்துக்கொண்டார். இது முறையா? இந்த விவரத்தால் கடன் மறுக்கப்படுமோ என்று அஞ்சுகிறோம்.

பதில்: முறையானதுதான், சட்டம் அவருக்கு விதித்த கடமையும் அதுவே. 1975-ஆம் ஆண்டின் வீட்டு அடமானக் கடன் வெளிப்படுத்தல் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் இவ்விவரங்களைக் கேட்டாக வேண்டும். பதில் சொல்லும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆயினும் நேரில் விண்ணப்பிப்பவர் சொல்லாமல் விட்டால், தோற்றத்தையோ குடும்பப் பெயரையோ கொண்டு அலுவலர் குறிக்க வேண்டும். அவ்வாறு குறித்ததையும் பதிவு செய்ய வேண்டும். அஞ்சல், இணையம், தொலைபேசி வழியாக மட்டுமே விண்ணப்பித்தவர்களுக்கு இப்படி ஊகித்துக் குறிப்பதில்லை.

கடன் தருபவர் இனத்தைக் கேட்பதே பொதுவாக அமெரிக்கச் சட்டப்படி தவறு என்பதால், உங்கள் ஐயம் இயல்பானது. வீட்டுக் கடனுக்கு மட்டும் இந்த விலக்கு ஏன்? 1975-இல் சட்டம் வந்தபோது, எந்தப் பகுதிக்கு எவ்வளவு கடன் சென்றது என்பதே திரட்டப்பட்டது. யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பது தெரியவில்லை. 1988-இல் அட்லாண்டா நாளிதழ் ஒன்று அந்தப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து, வருமானம் ஒத்திருந்தும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைவிட வெள்ளையர் பகுதிகளுக்கே மிகுதியாகக் கடன் சென்றதை வெளிப்படுத்தியது. அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் உட்பட ஒவ்வொன்றுக்கும் இனம், பாலினம், வருமானம் ஆகியவற்றைத் தெரிவிப்பது கட்டாயமாயிற்று. பாகுபாடு தனக்கு மட்டும் நேர்ந்ததா, பலருக்கும் நேர்ந்ததா என்பதைக் கடன் மறுக்கப்பட்ட ஒருவர் தனித்து நின்று அறிய முடியாது. ஏறத்தாழ ஒரே நிலையிலுள்ள பலரின் விண்ணப்பங்களை அருகருகே வைத்தால்தான் வேறுபாடு புலப்படும். இந்தப் புள்ளிவிவரங்கள் தம்மளவில் பாகுபாட்டை மெய்ப்பிப்பதில்லை என்றாலும், எந்த நிறுவனத்தின் கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதை அதிகாரிகளுக்குக் காட்டிக்கொடுக்கின்றன.

நீங்கள் தந்த பதிலின் அடிப்படையிலோ, பதில் தர மறுத்தீர்கள் என்பதாலோ பாகுபாடு காட்டுவது சட்டவிரோதம். கடன் மறுக்கப்பட்டால், முழுமையான விண்ணப்பம் கிடைத்த 30 நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். காரணம் அதில் இல்லையெனில், அதைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

ஆகவே இவ்விவரங்களை நீங்களே நிரப்புவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. 2018 முதல் ஆசியர் என்பதன்கீழ் ஆசிய இந்தியர், சீனர், கொரியர் எனத் தனித்தனி உட்பிரிவுகள் இருக்கின்றன. அலுவலர் தோற்றத்தைக் கொண்டு குறித்தால் ஆசியர் என்று மட்டுமே குறிக்க முடியும். உட்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை விண்ணப்பதாரருக்கே உரியது.

கேள்வி: நான் இலங்கைத் தமிழர். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: 'மற்ற ஆசியர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதற்கான இடத்தில் உங்கள் இனத்தை எழுதலாம். ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவுகளைத் தேர்ந்தெடுக்கவும் தடையில்லை.

கேள்வி: எங்கள் விவரங்களை ஊரார் பார்க்க முடியுமா?

பதில்: ஆண்டுதோறும் மார்ச் 1-க்குள் நிறுவனங்கள் அனுப்பும் பதிவேட்டில் விண்ணப்பதாரரின் பெயர் இடம்பெறுவதில்லை. வீட்டு முகவரியும் கடன் தகுதி மதிப்பெண்ணும் அரசுக்குச் செல்லும். ஆனால் பொதுமக்களுக்கான வெளியீட்டில் அவை நீக்கப்படும். வயது, வரம்பாகக் காட்டப்படும். கடன் தொகை, அது அடங்கும் 10,000 டாலர் இடைவெளியின் நடுமதிப்பாகத் தரப்படும். வீடு எந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பகுதியில் (கணக்கெடுப்புக்காகப் பிரிக்கப்பட்ட சிறு வட்டாரத்தில்) உள்ளது என்பது வெளியிடப்படுவதால், மிகச் சிலரே வீடு வாங்கும் இடங்களில் அக்கம்பக்கத்தார் ஒருவரை ஊகித்துவிடக்கூடும் என்ற கவலை நியாயமானது. மேற்சொன்ன மறைப்புகள் அந்த வாய்ப்பைக் குறைப்பதற்காகவே செய்யப்படுகின்றன.