அண்ணாச்சி பதில்கள்: கிட்டார் அவரு வாசிச்சாரு, பாட்டு யாருது?

கேள்வி: அண்ணாச்சி, எங்க சர்ச் கொயர்ல லீட் கிட்டார் வாசிக்கிற பையன், இங்கிலாந்து ராக் கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன் கிட்டார்ல கில்லாடி, ஆனா பாட்டு போடுறதுல சுமார்தான்னு சொல்லுதான். பின்ன லைலா, டியர்ஸ் இன் ஹெவன் பாட்டெல்லாம் யாரு போட்டதுன்னு நான் சண்டை பிடிச்சேன். இப்பம் ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. யாரு சொல்றது சரி?
- வாசகர், தக்கலை

பதில்: தம்பி, முதல்ல போய் அவன்கிட்ட பேசு, முக்கால்வாசி அவன் சொல்றதுதான் சரி. கிளாப்டன் பேரைக் கேட்டதும் ஜனங்க பாடுற பாட்டுல நெறைய அவரு போட்டதே இல்ல. ஐ ஷாட் தி ஷெரிஃப் பாப் மார்லியோடது, இவரு பாடி 1974-ல அமெரிக்காவுல நம்பர் ஒன் ஆச்சு, கொகைனும் ஆஃப்டர் மிட்நைட்டும் ஜே.ஜே. கேல் எழுதினது, கிராஸ்ரோட்ஸ் ராபர்ட் ஜான்சன் 1936-லயே ரெக்கார்டு பண்ணினது. நீ சொன்ன ரெண்டுலயும் கூட்டாளி உண்டு, லைலாவுல ஜிம் கார்டன் பேரு இருக்கு, டியர்ஸ் இன் ஹெவன்ல வில் ஜென்னிங்ஸ் பேரு இருக்கு. 1977-ல வந்த வொண்டர்ஃபுல் டுநைட் அவரு தனியா எழுதினது, கொள்ளாம், நல்ல பாட்டு, ஆனா அதுல உள்ள கிட்டாரு கத்துக்க வந்த பிள்ளையளே வாசிச்சிரும்.

இன்னொண்ணு கேளு. 1968-ல வந்த வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்ல அழுற கிட்டார் கிளாப்டனோடது, எழுதினது பீட்டில்ஸ் குழுவுல கிட்டார் வாசிச்ச ஜார்ஜ் ஹாரிசன். மறு வருஷம் அதே ஹாரிசன், பீட்டில்ஸ் கம்பெனி மீட்டிங்குக்குப் போக மனசில்லாம, கிளாப்டன் வீட்டுக்குப் போயி, அவரு கிட்டார் ஒண்ணையே கையில எடுத்துட்டு தோட்டத்துல நடந்தப்பம் வந்ததுதான் ஹியர் கம்ஸ் தி சன். வீடும் கிளாப்டனுது, கிட்டாரும் கிளாப்டனுது, பாட்டு மட்டும் விருந்துக்கு வந்தவனுக்கு! ஹாரிசன் சோலோவுல, அதாவது கிட்டார் தனியா முன்னால வர்ற இடத்துல, கிளாப்டன் அளவுக்கு மிரட்டுற ஆளும் இல்ல.

ஏன் இப்படின்னா, கிளாப்டன் ஊறினது ப்ளூஸ்ங்கிற அமெரிக்க கறுப்பின மக்களோட இசையில, அதுல பன்னெண்டு பார்னு, பன்னெண்டு தாளக்கட்டு திரும்பத் திரும்ப வர்ற ஒரு சட்டகம் முதல்லயே போட்டு வச்சிருக்கு, அதுக்குள்ள கம்பியை எவ்வளவு வளைக்கணும், எங்க நிறுத்தணும்ங்கிறதுதான் வாசிக்கிறவன் வேலை. பாட்டு போடுறவனுக்கு அந்த சட்டகத்தையே புதுசா கட்டணும், கிட்டார தொட்டே பாக்காத ஒருத்தன் மார்த்தாண்டம் பஸ்ல தொங்கிட்டு போவும்போதும் அது வாயில வரணும். ரெண்டும் ஒரே ஆளுகிட்ட வந்தது அமெரிக்க கிட்டாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்கிட்ட, 1967-ல வந்த லிட்டில் விங் ஒண்ணு போதும் எனக்கு. அவருக்கே முதல் ஹிட்டு ஹே ஜோ, அது அவரு பாட்டு இல்ல. ஆல் அலாங் தி வாட்ச்டவர் பாப் டிலன் எழுதினது, ஹெண்ட்ரிக்ஸ் வாசிச்ச பொறவு டிலனே மேடையில அந்த பாணியிலதான் பாட ஆரம்பிச்சாரு, அப்பம் அதுல ஹெண்ட்ரிக்ஸ் எழுதினது ஒண்ணுமே இல்லன்னு எப்படி சொல்லுவ?

ஒரு விஷயம், ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்துல தோடியைக் கேட்டுட்டு, இவரு எத்தனை கீர்த்தனை எழுதினாருன்னு நம்மள்ல எவனும் கேக்க மாட்டான். எல்விஸ் பிரெஸ்லி காலம் வரைக்கும் அங்கயும் பெரும்பாலும் அப்படித்தான், எழுத ஒருத்தன், பாட ஒருத்தன். டிலனும் பீட்டில்ஸும் வந்த பொறவுதான் சொந்தப் பாட்டு இல்லன்னா ஆளு பாதின்னு ஒரு நெனப்பு. கிளாப்டன் சுமார்னு சொல்றதுல தப்பில்ல, அதுக்காக அவரை எறக்கிப் பேசுனா மட்டும் அந்தப் பையனை விடாத.

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு கிட்டார் நல்லா வருது, சொந்தமா டியூன் போட்டா எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. என்ன செய்ய?
- வாசகி, குளச்சல்

பதில்: கிட்டார கீழ வையி தங்கச்சி. அதை மடியில வச்சிருந்தா கை பழகின ஜி, சி, டி கார்டுக்கே (ஒண்ணா சேர்ந்து ஒலிக்கிற சுரங்களுக்கே) போவும், டியூனும் அது பின்னாலயே போவும். முதல்ல சும்மா ஹம் பண்ணி போன்ல ரெக்கார்டு பண்ணு, மறுநாள் கேட்டுப் பாரு, அப்பவும் பிடிச்சிருந்தா மட்டும் கார்டு தேடு. அப்புறம் கடல் பக்கத்து வீடுன்னா உப்புக்காத்துல கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால தொடச்சு கவருக்குள்ள வையி.